டோக்கன் எண் ஒன்று: பேஸ் கித்தார்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டரின் நாற்காலியில் ஒரு பேஸ் கித்தார் மல்லாந்து படுத்திருந்தது. கழுத்தில் நீலத் துண்டு. தலைக்கு மேலே பெரிய விளக்கு. நான்கு கம்பிகளுக்கு நடுவே ஒன்றாம் நம்பர் டோக்கன்.

துண்டைக் கட்டியதும் டோக்கனைச் செருகியதும் ஒரே ஆள்தான். இருபது வருஷமாக அந்தக் கிளினிக் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுத்ததில் அவருக்குப் பெயரே டோக்கன் என்று ஆகிவிட்டது. நாற்காலிக்கு யார் வந்தாலும் நம்பர் உண்டு, துண்டு உண்டு. முதலமைச்சர் வந்தாலும் இதேதான் என்பார். இதுவரை எந்த முதலமைச்சரும் வரவில்லை.

"ஆ காட்டச் சொல்லுங்க," என்றாள் அக்கா, கையுறையை மாட்டிக்கொண்டே. அக்காதான் டாக்டர்.

"கிண்டல் பண்ணாதே டாக்டரம்மா. அறுபது வயசு தாண்டினவர். மரியாதையாப் பேசு," என்றார் அத்தான்.

"அறுபது வயசா? ஆறு மாசம்னு நான் சொல்றேன்."

"அதைச் சொல்ல வேண்டியது நீயும் இல்லை, நானும் இல்லை." அத்தான் திரும்பிச் சின்னவளைக் காட்டினார். "அதோ நிக்குது பாரு, நீதி தேவதை."

அக்காவின் தங்கை சின்னவள் சுவரோரம் நின்றிருந்தாள். ஒரு கையில் விளக்குப் பெட்டி, மறு கையில் அச்சடித்த படிவம். எல்லாரும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்த்ததில் படிவத்தால் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கிளினிக்குக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. அதில் ஒரு டிரம் செட், அத்தானின் மூன்று கித்தார்கள், பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஒரு ஸ்பீக்கர் பெட்டி, சின்னவள் வாசிக்கிற ஒரு பேஸ். அந்தப் பேஸின் கழுத்து வில்லாக வளைந்தது. அதை வாசித்தால் விரல் வலிக்கும், எய்தால் அம்பு போகும். ஞாயிறுதோறும் அத்தான் கித்தார் வாசிப்பார், டோக்கன் டிரம் அடிப்பார், சின்னவள் பேஸ். வாரம் முழுக்கக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தி அத்தானின் தொண்டை கட்டியிருக்கும். அதனால் பாட்டு மட்டும் கிடையாது.

அந்த அறையில்தான் இரண்டாவது பல் நாற்காலி போட வேண்டும் என்று அக்கா இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நியாயமான ஆசைதான். வாசலில் வீங்கிய கன்னங்கள் வரிசை கட்டுகின்றன. உள்ளே ஒரே நாற்காலி.

அத்தான் இரண்டு வருஷமாகத் தப்பித்து வந்தார். இடையே "அசல் பழசு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்று இரண்டு கித்தார்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியும் வந்தார். கண்ணைத் திறந்தபோது ஒன்றின் உடம்பு பள்ளிக்கூட மேசைப் பலகை. உள்ளே யாரோ காம்பஸால் இதயம் கீறி அம்பு விட்டிருந்தான். மூன்றாவதாக இந்தப் பேஸ் வந்ததும் அக்கா மருந்துச் சீட்டை எடுத்தாள். அதில் எழுதினாள்: 'இது அசல் என்றால் அறை அப்படியே இருக்கும். இல்லை என்றால் அறை காலி, இரண்டாம் நாற்காலி.' இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சி டோக்கன். தீர்ப்பு சின்னவள்.

சின்னவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வேதியியல் படித்தவள். கூடத்தில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம், அதிலும் ஏழு வெறும் எண்களாக இருக்கும். ஆனால் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும். அதனால்தான் இரண்டு கட்சியும் அவளை ஒப்புக்கொண்டன.

அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த அறை வேண்டும் என்று சொல்லியிருப்பாள். வாயால் சொல்ல வராததை எல்லாம் அங்கே அவள் நான்கு கம்பிகளில் சொல்லிவிடுவாள். தாழ்ந்த குரல்தான், ஆனால் தரை வழியாக வந்து எல்லார் வயிற்றிலும் அதிரும். அவள் தங்கியிருக்கிற விடுதியில் தும்மினாலே பக்கத்து அறையில் "நூறு ஆயுசு" என்பார்கள். அங்கே பேஸுக்கு ஏது இடம்?

ஆக, இது அசலாக இருக்கவேண்டும் என்று இந்த உலகத்திலேயே அதிகம் ஆசைப்பட்டவள் நீதிபதிதான். அதனால் தனக்கே ஒரு வேலி போட்டுக்கொண்டாள்.

"வித்தவர் சொன்ன கதையை அத்தான் எங்கிட்ட சொல்லக்கூடாது," என்றாள். "எங்க கூடத்துல பாட்டில் மேல நம்பர் மட்டும்தான் இருக்கும். யார் வீட்டுத் தண்ணின்னு தெரியாது. தெரிஞ்சா மனசு சாயும்."

"ஒரே ஒரு விஷயம் மட்டும் மச்சினி..."

"கூடாது."

"மூணு நாளா உள்ளே வச்சிருக்கேன். வயிறு உப்பிப் போச்சு."

"உப்பினா பக்கத்துத் தெரு டாக்டரைப் பாருங்க, இங்கே பல்லு மட்டும்தான்," என்றாள் அக்கா.

படிவம் தண்ணீர்ப் பரிசோதனைப் படிவமேதான். வேறு எதிலும் அவளுக்கு எழுதி வராது. நிறம், மணம், கலங்கல் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில் 'குடிக்கத் தகுந்தது / தகாதது' என்று இருக்கும், ஒன்றை அடிக்கவேண்டும். நிறம்: சிவப்பு. மணம் என்ற இடத்துக்கு வந்ததும் குனிந்து முகர்ந்தாள். பழைய அலமாரியைத் திறந்தாற்போல ஒரு வாசனை. அதற்கு மேலே கிளினிக் வாசனை.

"கலங்கல்னு ஒரு கட்டம் இருக்கே, அங்கே உங்க அத்தான் பேரைப் போடு," என்றாள் அக்கா.

முதலில் எடை. டோக்கன் பேஸை மார்போடு அணைத்துக்கொண்டு மெஷின்மேல் ஏறினார். பிறகு தனியாக ஏறினார். வித்தியாசம் நாலு கிலோ. பழைய மரம் அவ்வளவுதான் இருக்கும். அடுத்து முதுகு. கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் நான்கு ஸ்க்ரூ போட்ட ஒரு தகடு, அதில் ஐந்து இலக்க எண். சின்னவள் தன் நோட்டில் எழுதிவைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டாள். அறுபதுகளின் நடுவே வருகிற எண்.

அத்தான் ஒரு குதி குதித்தார். டோக்கன் தட்டில் இருந்த இரண்டு இடுக்கிகளால் ஒரு சின்னத் தாளம் போட்டார்.

"தகட்டை யாரும் கழட்டி மாட்டலாம்," என்றாள் சின்னவள். தாளம் நின்றது.

தலைப்பக்கம் கம்பெனிப் பெயர் இருக்கவேண்டிய இடம் மொழுமொழு என்று இருந்தது. பெயரும் இல்லை, பெயர் இருந்த தடமும் இல்லை.

"தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற ஊரு இது," என்றாள் அக்கா. "காசு கொடுத்து வாங்கின மாட்டுக்குத் தலையாவது இருக்கான்னு பார்த்திருக்க வேண்டாமா?"

அடுத்தது விளக்கு. கூடத்தில் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற புற ஊதா விளக்கு அது. கிருமி இருந்தால் பாட்டில் நீலமாக ஒளிரும். பழைய வார்னிஷும் அந்த வெளிச்சத்தில் ஒளிரும், மங்கிய பச்சையாக. புதிதாகப் பூசிய இடம் மட்டும் இருட்டாக நிற்கும்.

திரைகளை இழுத்தார்கள். பட்டப்பகலில் நான்கு பேர் இருட்டில் நாற்காலியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். யாரோ யார் காலையோ மிதித்தார்கள். சின்னவள் விளக்கைப் போட்டாள்.

பேஸின் உடம்பு பச்சையாக எழுந்தது. ஆழத்தில் கிடக்கிற மீன் மாதிரி. மெல்லிய விரிசல்கள் உடம்பு முழுக்க ரேகையாக ஓடின. வருஷக்கணக்கில் வெயிலும் குளிரும் பட்டால்தான் வார்னிஷ் அப்படி விரியும்.

"அடேயப்பா," என்றார் டோக்கன்.

விளக்கை நகர்த்தினாள். கீழ் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு. தலை முழுக்கக் கறுப்பு.

"ஃபில்லிங்!" அக்காவின் குரலில் அப்படி ஒரு ஆனந்தம். "இங்கே ஒண்ணு. அங்கே தலையிலே முழுசா. ஒட்டு வேலை! அறை காலி!"

"இரு, இரு. இன்னும் வாயே திறக்கலை, அதுக்குள்ள..." அத்தான் பதறிப்போய் விளக்குக்கு நேராக முகத்தை நீட்டினார்.

அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் அவருடைய பற்கள் எல்லாம் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தன, முன்பல் ஒன்றைத் தவிர. அது மட்டும் கரிய ஓட்டையாக இருந்தது.

டோக்கன் தும்முவது மாதிரி ஒரு சத்தம் விட்டார். அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்னவளுக்குச் சிரிப்பில் விளக்கு ஆடியது. விளக்கு ஆட ஆட அத்தானின் பல் இருந்தும் இல்லாமலும் கண் சிமிட்டியது.

"என்ன? என்ன?" என்றார் அத்தான்.

"அது நான் கட்டின பல்லு," என்றாள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கட்டின பல்லு இதுல ஒளிராது. படிச்சு முடிச்சு வந்த புதுசுல கட்டினது."

"அந்தப் பல்லாலதான் கல்யாணமே," என்று சின்னவள் காதில் சொன்னார் டோக்கன். "ஒரு பல்லுக்கு ஒன்பது தடவை வந்தார். ஒன்பது டோக்கனும் நான்தான் கிழிச்சேன்."

திரையை விலக்கினார்கள். சின்னவள் படிவத்தில் எழுதினாள்: உடம்பு, பழைய வார்னிஷ். ஒரு இடத்தில் பூச்சு. தலை, முழுப் பூச்சு. கூடத்தில் பதினெட்டுச் சோதனை. பதினேழு தேறி ஒன்று தவறினாலும் தண்ணீர் தகாததுதான். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

கம்பிகளைத் தளர்த்தி, முகப்பில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினாள். உள்ளே குமிழ்களுக்கு அடியில் மூன்று தகரக் கிண்ணங்கள், விரல்நுனி அளவில். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறவை. அவற்றின் முதுகில் எண் குத்தியிருக்கும். முதல் மூன்று எண் செய்தவர் யார் என்று சொல்லும். அடுத்த இரண்டு வருஷம், கடைசி இரண்டு அந்த வருஷத்தில் எத்தனையாவது வாரம். ஆனால் எண்கள் பலகைப் பக்கமாகத் திரும்பி இருந்தன. ஈயப் பற்றை உருக்காமல் பார்க்க முடியாது.

"தள்ளு," என்றாள் அக்கா. அவளால் பொறுக்க முடியவில்லை. நீளக் காம்பு வைத்த வாய்க் கண்ணாடியை எடுத்துக் குழிக்குள் விட்டாள். கண்ணாடியில் எண்கள் தலைகீழாக, இடவலம் மாறித் தெரிந்தன. சின்னவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அக்காவோ கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல அலட்சியமாகப் படித்தாள். தினமும் அவள் பார்க்கிற உலகமே தலைகீழ் உலகம்தானே.

"கடைசி நாலு: ஆறு, நாலு, ரெண்டு, ஏழு."

"அறுபத்து நாலாம் வருஷம், இருபத்தேழாவது வாரம்," என்றாள் சின்னவள். "ஜூலை."

அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

"அடுத்தது. அதே எண்தான். ஆறு, நாலு, ரெண்டு, ஏழு. மூணாவது..." அக்கா நிறுத்தினாள். "ஏழு, எட்டு."

எழுபத்தெட்டு. அதன்மேல் இருந்த ஈயமும் பளபளவென்று வேறு மாதிரி இருந்தது.

"பதினாலு வருஷம் கழிச்சு யாரோ மாத்தியிருக்காங்க," என்றாள் சின்னவள்.

"கட்டின பல்லு நம்பர் மூணு," என்றாள் அக்கா. ஆனால் கண்ணாடியை அவள் கீழே வைக்கவில்லை. குழிக்குள்ளே இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த ஒயரு மேலே துணி சுத்தியிருக்கே, இது எந்தக் காலத்துது? இந்த மூலையில மெழுகு மாதிரி என்ன?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். பற்களைப் பார்த்தே ஒருவர் எந்தப் பக்கம் மெல்கிறார், எப்போது கோபப்படுகிறார் என்று சொல்கிறவள். ஒரு வாய் கிடைத்துவிட்டால் விடமாட்டாள்.

"இனிமே ஒண்ணே ஒண்ணுதான்," என்றாள் சின்னவள். "கழுத்தைக் கழட்டணும். அடிக்கட்டையில, உடம்புக்குள்ளே போய் உட்காருற இடத்துல, செஞ்ச மாசமும் வருஷமும் பென்சில்ல எழுதியிருப்பாங்க. அது இருந்தா கழுத்து உறுதி. கழுத்துதான் பேஸுக்கு உசுரு."

அத்தானின் முகம் மலர்ந்தது. "பிறப்புச் சான்றிதழ்! எழுதியிருக்கும், பாரு!"

நான்கு ஸ்க்ரூவும் லகுவாக வந்தன. மிக லகுவாக. யாரோ அண்மையில் கழற்றி மாட்டியதுபோல. சின்னவள் கழுத்தை உருவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

அடிக்கட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை. ஒரு தூசு இல்லை. குளித்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி இருந்தது.

"இதைக் கழட்டினது யாரு?" என்றாள்.

"நான்தான்," என்றார் அத்தான். "முந்தாநாள். முழுசா பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னுட்டான். அதனால ரெண்டாக் கழட்டி ரெண்டு பையில கொண்டு வந்தேன். ஆனா அடிப்பக்கத்தை நான் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லையே. இங்கே வச்சிட்டுப் போனேன், நேத்து வந்து மாட்டினேன்."

எல்லாரும் மெல்லத் திரும்பினார்கள். டோக்கன் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"டோக்கன்," என்றாள் அக்கா.

"டாக்டர்."

"நாற்காலிக்கு வர்றதுக்கு முன்னாடி எதை என்ன பண்ணுவீங்க?"

"ஸ்பிரிட் போட்டுத் துடைப்பேன் டாக்டர். நீங்க சொன்னதுதானே. வெளியிலிருந்து வர்ற எதுவும் துடைக்காம உள்ளே வரக்கூடாதுன்னு." அவர் குரல் தேய்ந்தது. "உடம்பைத் துடைச்சேன். கழுத்தைத் துடைச்சேன். அடியில யாரோ பென்சிலால கிறுக்கியிருந்தான். ஸ்பிரிட்டுக்குப் போகலை. அப்புறம்..."

"அப்புறம்?"

"ரப்பர் போட்டு அழிச்சேன்."

அத்தான் நோயாளிகள் துப்புகிற தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன எழுதியிருந்தது? ஞாபகம் இருக்கா?" சின்னவள் இவ்வளவு வேகமாக ஒரு கேள்வி கேட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை.

"எண்ணு மாதிரி இருந்துச்சு சின்னம்மா. ஒரு நாளைக்கு நானே நூறு எண்ணு கிழிக்கிறேன். அதுல ஒண்ணுன்னு நினைச்சு..." டோக்கனின் மீசை இரண்டு பக்கமும் தொங்கியது. "டிரம் வாசிக்கிற கையால நானே அறைக்குப் பூட்டுப் போட்டுட்டேனே."

சின்னவள் கழுத்தை விளக்கின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது மரத்தில் ஏதோ இருந்தது. கரி போய்விட்டது, ஆனால் பென்சில் முனை அழுத்திய பள்ளம் போகவில்லை. ரேகையைவிட மெல்லிய பள்ளம். மூன்றா, எட்டா, ஆறா என்று தெரியவில்லை.

"இருக்கு," என்றாள். "ஆனா படிக்க முடியலை. இதை எழுதினா ஊகம்தான் ஆகும். ஊகத்தைப் படிவத்துல எழுதக்கூடாது."

அவள் பேனாவை எடுத்தாள். 'கழுத்து: உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதப் போனாள். 'உறுதி' வரைதான் எழுதியிருப்பாள், அதற்குள் பேனாவைப் பறித்துக்கொண்டது ஒரு கையுறை போட்ட கை.

"எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்றாள் அக்கா.

"தலைமுடி அளவுக்குக்கூட இருக்காது."

"தலைமுடியா?" அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் அளவு எடுத்தா நாக்கு ருசி பார்க்கிற புள்ளிகூட எண்ணலாம் தெரியுமா? ஊகமாம், ஊகம். என் கிளினிக்குல வந்து படிக்க முடியலைன்னு எழுதிட்டுப் போவியா? டோக்கன், அளவு எடுக்கிற பசையைக் கொண்டாங்க. மெல்லிசு, பச்சை."

"டாக்டர், அதை எடுத்தா நீங்க தோத்துடுவீங்களே," என்றார் டோக்கன். பாவம், நல்ல மனுஷர்.

"அழிச்சவருக்கு வாய் வேறயா? கொண்டாங்க."

பல் செட்டுக்கு வாயில் அளவு எடுக்கிற பசை அது. அக்கா அதைச் சின்னத் துப்பாக்கி போன்ற ஒன்றால் அடிக்கட்டைமேல் பாம்புபோல வளைத்து வளைத்து ஊற்றினாள். மேலே கெட்டிப் பசையை வைத்து அழுத்தினாள். பழக்கதோஷம், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நாலே நிமிஷம்," என்றும் சொன்னாள். கித்தார் பொறுத்துக்கொண்டது. மற்றவர்கள்தான் பொறுக்கவில்லை. அத்தான் குட்டி போட்ட பூனை மாதிரி நாற்காலியைச் சுற்றினார். டோக்கன் வாசல்வரை போய், வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதுபோலப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காது இரண்டும் சிவந்திருந்தன. ஒரு பொய்யும் சொல்லாமலே.

அக்கா பசையை உரித்தாள். சர்ரென்று ஒரு சத்தம். மரத்தில் பள்ளமாக இருந்தது, பசையில் மேடாக நின்றது. ஆனாலும் பச்சையில் பச்சை, கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அப்போதுதான் அக்கா மேசை இழுப்பறையிலிருந்து நீலத் தாளை எடுத்தாள். புதிதாகக் கட்டின பல் எங்கே உயரமாக இடிக்கிறது என்று பார்க்க, "கடிங்க, அரைங்க" என்று வாயில் வைப்பாளே, அந்தத் தாள். அதைப் பசையின்மேல் போட்டு விரலால் மெதுவாக ஒரு தடவல். தாளை எடுத்தாள்.

மேடான இடம் மட்டும் நீலமாக எழுந்திருந்தது. வளைவும் கோடும். இடவலம் மாறி.

மற்ற மூவருக்கும் அது கோலக் கிறுக்கல். அக்காவுக்கு அது தாய்மொழி. அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும், இப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் ஒருமுறை பின்னறைக் கதவைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக அளந்து அளந்து வைத்திருந்த அறை. பிறகு பெருமூச்சு விட்டுப் படித்தாள்.

"எட்டு. ஒரு கோடு. அறுபத்து நாலு."

சின்னவள் வாய்க் கண்ணாடியைப் பசைக்கு எதிரே பிடித்தாள். கண்ணாடிக்குள் எண்கள் நேராக நின்றன. எட்டு, கோடு, அறுபத்து நாலு.

"கிண்ணம் ஜூலை, கழுத்து ஆகஸ்ட்," என்றாள். "கிண்ணத்தைச் செஞ்ச அடுத்த மாசம் கழுத்தைச் செஞ்சிருக்காங்க. ஒண்ணுக்கொண்ணு பொருந்துது."

அத்தான் டோக்கனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தூக்க முடியாமல் கீழே வைத்தார். டோக்கன் அவரைத் தூக்கினார்.

"இருங்க, இருங்க," என்றாள் அக்கா. தோற்ற சாயலே அவளிடம் இல்லை. "கழுத்து அசல், சரி. உடம்பு அசல், சரி. தலையில பூச்சு. ஓரத்துல பூச்சு. ஒரு கிண்ணம் புதுசு. நீதி தேவதை என்ன சொல்றாங்க? பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு உங்க கூடத்துல சொல்வீங்களே. ஒண்ணு தப்பானா எல்லாம் தப்புதானே?"

சின்னவள் படிவத்தைப் பார்த்தாள். 'தகுந்தது / தகாதது.' நடுவே ஒன்றும் கிடையாது. ஒன்று தவறினால் தகாதது. ஐந்து வருஷமாக அவள் கையெழுத்துப் போடும் விதி அது. ஆனால் அந்த விதி எதற்கு? ஒரு கிருமி இருந்தாலும் குடிப்பவருக்குக் கெடுதல் என்பதற்கு. இந்தச் சீட்டில் கேட்டிருப்பது கெடுதலா என்று இல்லை. இது அதே பழைய பேஸ்தானா என்று. அது வேறு கேள்வி. வேறு கேள்விக்கு வேறு விதி இருக்குமே, எங்கே பார்த்தோம் என்று நிமிர்ந்தாள்.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. பேனாவைத் தூக்கி, அக்காவின் தலைக்குப் பின்னால், சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஒரு பலகை. கிளினிக் திறந்த வருஷம் அக்காவே வாசகம் யோசித்து, அக்காவே எழுதி மாட்டியது. பல் செட்டை டம்ளரில் போட்டு ஒளித்துவைத்துக் கூச்சப்படுகிறவர்களுக்காக.

'கட்டிய பல்லும் உங்கள் பல்லே. நீங்கள் நீங்களே.'

அக்கா திரும்பிப் பார்த்தாள். படித்தாள். தினமும் முதுகுக்குப் பின்னால் இருந்ததை இத்தனை வருஷம் கழித்து முதன்முதலாகப் படிப்பவள்போலப் படித்தாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்," என்றார் டோக்கன், மரியாதையோடு.

அத்தான் முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். ஒன்பது தடவை வந்து கட்டிக்கொண்ட அதே பல்.

"சிரிக்காதீங்க," என்றாள் அக்கா. "சிரிக்காதீங்கன்னா..." அதற்குமேல் அவளாலும் முடியவில்லை. சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து, கையுறைக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஸ்டூலோடு சேர்ந்து சுற்றிச் சுற்றிச் சிரித்தாள்.

சின்னவள் படிவத்தின் கடைசி வரிக்கு வந்தாள். 'தகாதது' என்பதை அடித்தாள். கீழே எழுதினாள்: 'அசல். பிறப்பு ஆகஸ்ட் 64. கட்டிய பல் மூன்று.' கையெழுத்துப் போட்டாள். ஆக, அரசாங்கப் படிவத்தின்படி அந்தப் பேஸ் கித்தார் குடிக்கத் தகுந்தது.

"அறை உங்களோடது," என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இந்த ஆள் செக்கப்புக்கு வரணும். அந்தத் துணி சுத்தின ஒயரை நான் இன்னும் சரியாப் பார்க்கலை."

கழுத்தைப் பூட்டினார்கள். கம்பிகளை முறுக்கினார்கள். அத்தான் பிளாஸ்திரி ஸ்பீக்கரை உருட்டிக்கொண்டு வந்து ஒயரைச் செருகினார். பேஸ் நாற்காலியிலேயே சாய்ந்திருக்க, சின்னவள் குனிந்து, இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரே ஒருமுறை சுண்டினாள்.

நாற்காலி அதிர்ந்தது. தட்டில் இருந்த இடுக்கிகளும் ஊசிகளும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. அலமாரியில் வரிசையாக இருந்த பல் செட்டுகள் கடகடவென்று தந்தியடித்தன. டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாகச் சுருங்கியது. சின்னவள் வாய்விட்டு, சத்தமாக, "ஹா!" என்றாள். தன் குரல்தான் அது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார். வீங்கிய கன்னத்தில் கைக்குட்டை. 'ஞாயிறு விடுமுறை' என்ற அட்டையைத் தாண்டி உள்ளே வந்தவர், அந்தச் சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டர்," என்றார், கன்னத்தை அழுத்திக்கொண்டு. "உள்ளே யாருக்குப் பிடுங்கறீங்க?"

டோக்கன் கைக்கு வேலை வந்துவிட்டது. பரக்கென்று ஒன்று கிழித்தார். "ரெண்டாம் நம்பர். உட்காருங்க, ஒண்ணாம் நம்பர் இப்ப எழுந்துடும்."

சின்னவள் பேஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், நீலத் துண்டோடு சேர்த்து. ஒயர் பின்னால் இழுபட, பின்னறைக்கு நடந்தாள். அத்தான் ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடினார். அக்கா நாற்காலியைத் துடைத்து விளக்கைத் திருப்பினாள்.

"இதுக்குத்தான்," என்று மூடப்போகிற கதவைப் பார்த்துக் கத்தினாள், "ரெண்டாவது நாற்காலி கேட்டேன்!"

உள்ளேயிருந்து பதில் வந்தது. தாழ்ந்த குரலில், தரை வழியாக.